இணையவழிப் போக்கர் போட்டிகள்: அமைப்பு, வகைகள், திறன் பற்றிய வழக்காடல்

ஆய்வுச் சுருக்கம்

போக்கர் திறன் விளையாட்டா, சூதாட்டமா என்னும் வினா 2020 முதல் தமிழ்நாட்டின் சட்டமியற்றலிலும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தொடர்ந்து எழுந்து வருகிறது. இவ்வழக்காடலில் போக்கர் ஒற்றை விளையாட்டாகவே பெரிதும் கொள்ளப்பட்டது. ஆனால் இணையவழிப் போட்டிகள் பல வடிவங்களில் நடத்தப்படுகின்றன. ஆட்டத்தில் திறனுக்குக் கிடைக்கும் இடத்தையும், ஆடுபவர் இழக்கக்கூடிய தொகையின் எல்லையையும் போட்டியின் வடிவமே முடிவு செய்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: போக்கர், இணையவழிப் போட்டி, மறுநுழைவு, திறன், வாய்ப்பு, சூது, தமிழ்நாட்டுச் சட்டம்

1. முன்னுரை

தமிழகத்தில் சீட்டாட்டம் நெடுநாள் வழக்கம். ரம்மியும் மங்காத்தாவும் ஒரே சீட்டுக்கட்டைக் கொண்டு ஆடப்படுபவை. எனினும் மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்பதன்றி ஆடுபவர் செய்யக்கூடியது ஏதுமில்லை. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தல், எதைக் கழிப்பது என முடிவு செய்தல் ஆகியவை வெற்றியைப் பாதிக்கின்றன. இவ்வேறுபாட்டின் அடிப்படையிலேயே, ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என உச்ச நீதிமன்றம் 1968இல் சத்தியநாராயணா வழக்கில் கருதியது.

1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பொதுச் சூதாட்ட இல்லம் என்னும் இடத்தை மையமாகக் கொண்டது. திறன் விளையாட்டுகளுக்கு அது விலக்கும் அளித்தது. மனமகிழ் மன்றத்தில் கூடிச் சீட்டாடுவோரை இச்சட்டத்தால் அணுக முடிந்தது. இணையத்தில் அத்தகைய இடமே இல்லை. திண்டுக்கல்லில் பேருந்துக்குக் காத்திருப்பவரும் சென்னையில் வீட்டில் அமர்ந்திருப்பவரும் தத்தம் கைப்பேசியின் வழியே ஒரே மேசையில் ஆட முடிந்தபோது, இடத்தை வைத்துச் சூதை வரையறுக்கும் முறை பயனற்றுப் போனது. அதன்பின் எஞ்சியது திறனா, வாய்ப்பா என்னும் வினா மட்டுமே. அவ்வினாவை எடைபோட, போட்டிகள் இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

2. ஆட்டமும் போட்டியும்

இணையப் போட்டிகளில் பெரிதும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். மேசையின் நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் மூன்று, ஒன்று, ஒன்று என்னும் வரிசையில் திறக்கப்படும். இந்த ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். திறப்புகளுக்கு முன்னும் பின்னுமாக நான்கு பந்தயச் சுற்றுகள் உண்டு. எதிரிகள் அனைவரும் சீட்டை மடித்து விலகினால், மிக மோசமான சீட்டு வைத்திருப்பவரும் வெல்லலாம். 52 சீட்டுகளில் தொடக்க இணைகள் 1,326 வகையில் அமையக்கூடும். எந்தச் சீட்டு வரும் என்பது வாய்ப்பு. வந்த சீட்டைக் கொண்டு எப்போது தொடர்வது, எவ்வளவு பந்தயம் வைப்பது, எப்போது விலகுவது என்பன திறன்.

இதே ஆட்டம் இரு முறைகளில் நடத்தப்படுகிறது. பண மேசையில் ஒவ்வொரு சில்லும் அதற்குரிய பணமதிப்பை உடையது. ஆடுபவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து செல்லலாம். போட்டியிலோ சில்லுகளுக்குப் பணமதிப்பு இல்லை. குறிப்பிட்ட நுழைவுக் கட்டணத்திற்கு அனைவருக்கும் சம அளவிலான சில்லுகள் வழங்கப்படும். அவற்றை முழுதும் இழப்பவர் வெளியேறுவார். வெளியேறும் வரிசையே தரவரிசையாகும்.

பணம் வைத்து ஆடும் முதல் இணையப் போக்கர் தளம் 1998 சனவரி முதல் நாளில் தொடங்கப்பட்டது. 2003இல் அமெரிக்கக் கணக்கரான கிறிஸ் மனிமேக்கர், நூறு டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையத் தகுதிப் போட்டி ஒன்றை வென்றார். 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் அதன்வழி இடம்பெற்று 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். சிறு தொகையிலிருந்து பெருந்தொகை என்னும் கவர்ச்சி இணையப் போட்டிகளோடு இணைந்ததற்கு இந்நிகழ்வு முதன்மைக் காரணமாயிற்று.

3. போட்டியின் இயக்கம்

நுழைவுக் கட்டணம் இரு பகுதிகளைக் கொண்டது: ஒன்று பரிசுத் தொகுப்பிற்குச் செல்லும், மற்றொன்று தளம் நடத்துவோருக்குச் சேரும். விளக்கத்திற்காக, ₹100 பரிசுத் தொகுப்பிற்கும் ₹10 நிறுவனத்திற்கும் என ₹110 கட்டணம் கொண்ட போட்டியைக் கொள்வோம். நூறு பேர் ஆடினால் ₹11,000 திரளும். ₹10,000 பரிசாகத் திரும்பும். எவர் வென்றாலும் ஆடுவோர் கூட்டாக ₹1,000 இழந்திருப்பர். பெரும்பாலான போட்டிகளில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே பரிசு கிட்டும். அதிலும் பெரும்பங்கு முதல் சில இடங்களுக்கே செல்லும். ஏனையோர் கட்டணம் முழுவதையும் இழப்பர். 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித்தொகையில் 30 விழுக்காடு வரிப்பிடித்தமும், 2023 அக்டோபர் முதல் தளத்தில் செலுத்தும் முழுத்தொகை மீது 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் நடைமுறைக்கு வந்தன. இதனால் ஆடுபவரின் கணக்கு மேலும் இறுகியது.

போட்டியை முடிவை நோக்கி நகர்த்துவது ‘பிளைண்ட்’ எனப்படும் கட்டாயப் பந்தயம். ஒவ்வொரு முறையும் சீட்டு வழங்குமுன் இருவர் தம் சீட்டைப் பாராமலேயே குறிப்பிட்ட சில்லுகளை வைத்தாக வேண்டும். இத்தொகை கால இடைவெளியில் படிநிலைகளாக உயரும். உயராவிடில், நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தே ஒருவர் போட்டியை நாள்கணக்கில் நீட்டிக்க முடியும். ஆட்டக்காரர் குறையக் குறைய மென்பொருள் மேசைகளை இணைத்துக்கொண்டே வரும். எஞ்சியோர் ஒரே மேசைக்கு வரும்போது அது இறுதி மேசை எனப்படும்.

4. போட்டி வகைகள்

பல மேசைப் போட்டி அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொடங்கும்; தொடங்கிய பின்னும் குறித்த நேரம் வரை தாமதப் பதிவுக்கு இடமுண்டு. ‘சிட் அண்டு கோ’ வகைக்கு நேரம் குறிக்கப்படுவதில்லை. இடங்கள் நிரம்பியவுடன் தொடங்கும். இவ்வகைப் போட்டி நாளின் எந்த வேளையிலும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

இழந்தவர் மீண்டும் வரலாமா என்பதை ஒட்டி மூன்று வகைகள் உண்டு. ‘ஃப்ரீஸ்அவுட்’ போட்டியில் சில்லுகளை இழந்தவர் மீள முடியாது. மறுநுழைவுப் போட்டியில் வெளியேறியவர் மீண்டும் கட்டணம் செலுத்திப் புதியவராக நுழையலாம். ‘ரீபை’ போட்டியில் மேசையை விட்டு எழாமலேயே மீண்டும் சில்லுகள் வாங்கலாம். இடைவேளையில் கூடுதல் சில்லுகளும் விலைக்குக் கிடைக்கும்.

வேகத்தை ஒட்டி இயல்பு வேகம், ‘டர்போ’, ‘ஹைப்பர் டர்போ’ எனப் பகுப்பர். பரிசு முறையை ஒட்டியும் வகைகள் உண்டு. ‘பவுண்டி’ போட்டியில் எதிரியை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் தனிப் பரிசு கிடைக்கும். ‘சேட்டிலைட்’ எனப்படும் தகுதிப் போட்டியில் பணத்திற்கு மாற்றாகப் பெரிய போட்டிக்கான நுழைவுச்சீட்டு பரிசாகும். ‘ஃப்ரீரோல்’ போட்டிக்குக் கட்டணமே இல்லை. இது இலவசமாகத் தோன்றினும், புதியவரைத் தளத்திற்குப் பழக்கிக் கட்டணப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் வாயிலாக அமைவதும் உண்டு.

5. வடிவம் தீர்மானிக்கும் இரண்டு அளவுகள்

மேற்கண்ட வகைகளை ஒப்பிடும்போது இரண்டு அளவுகள் தெளிவாகின்றன.

முதலாவது, திறனுக்குக் கிடைக்கும் இடம். 10,000 சில்லுகளுடன் தொடங்கும் போட்டியில் கட்டாயப் பந்தயம் 100 எனில், கையிருப்பு அதன் 100 மடங்கு. பத்தாம் படிநிலையில் அது 1,000 ஆகிறது எனக் கொள்வோம். கையிருப்பைப் பெருக்காதவரிடம் இப்போது 10 மடங்கே இருக்கும். இந்நிலையில் அனைத்தையும் வைப்பது அல்லது விலகுவது என்பதற்கு மேல் முடிவெடுக்க இடம் குறைவு. படிநிலை ஒன்றுக்கு 15 நிமிடம் எனில் அந்நிலைக்கு வர 135 நிமிடங்கள் ஆகும். 3 நிமிடம் எனில் 27 நிமிடங்களே. நிமிடத்திற்கு ஒரு முறை சீட்டு வழங்கப்படுவதாகக் கொண்டால், நுட்பமான முடிவுகளுக்கான வாய்ப்புகள் 135இலிருந்து 27ஆகச் சுருங்குகின்றன. சீட்டும் விதியும் ஒன்றே. ஆட்டத்தின் இயல்பு வேறு.

அனைத்தையும் பந்தயம் வைக்கும் நிலையில் வாய்ப்பின் பங்கு எவ்வளவு என்பதைச் சிறு கணக்கு காட்டும். ஏஸ் இணை வைத்திருப்பவர் கிங் இணையை எதிர்கொண்டால் வெல்லும் நிகழ்தகவு ஏறத்தாழ 82 விழுக்காடு. இத்தகைய சாதகமான நிலை மூன்று முறை வாய்த்தாலும் மூன்றிலும் வெல்லும் நிகழ்தகவு ஏறத்தாழ 55 விழுக்காடே. திறனுள்ளவர் பல நூறு போட்டிகளில் மேம்பட்டு நிற்கலாம். ஒரு மாலைப்பொழுதில் அது உறுதியன்று.

இரண்டாவது, இழப்பின் எல்லை. முன்னர்க் கண்ட ₹110 கட்டணப் போட்டி ஃப்ரீஸ்அவுட் எனில், எவரும் ₹110க்கு மேல் இழக்க முடியாது. அதே நூறு பேரில் 40 பேர் ஒரு முறை மறுநுழைவு செய்தால் திரளும் தொகை ₹15,400. நிறுவனத்தின் பங்கு ₹1,400. ஆட்டக்காரர் எண்ணிக்கை கூடவில்லை. கூட்டு இழப்பு 40 விழுக்காடு கூடிவிட்டது. மறுநுழைவுக்கு வரம்பில்லையெனில் ஒருவரின் இழப்பு எவ்வளவு என்பதைப் போட்டி தொடங்குமுன் எவராலும் கூற இயலாது.

இவ்விரண்டு அளவுகளும் ஒன்றாக நகர்வதில்லை. மெதுவான மறுநுழைவுப் போட்டியில் திறனுக்கு மிகுந்த இடமுண்டு. ஆயினும் இழப்பிற்கு எல்லையில்லை. அதிவேக ஃப்ரீஸ்அவுட் போட்டியில் திறனுக்கு இடம் குறைவு. ஆயினும் இழப்பு வரையறுக்கப்பட்டது. ஆகவே, ஒன்று திறன் விளையாட்டு என நிறுவப்படுவதால் அது தீங்கற்றது என்பது பெறப்படாது. வாய்ப்பு விளையாட்டு என்பதால் மட்டும் பெருந்தீங்கு விளையும் என்பதும் பெறப்படாது.

6. தமிழ்நாட்டுச் சட்ட வரலாறு

2020 சூலையில், திண்டுக்கல் மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இணையவழி ஆட்டங்களை ஒழுங்குபடுத்த வேண்டிய தேவையைச் சுட்டியது. அவ்வாண்டு நவம்பரில் அவசரச் சட்டமும், 2021இல் திருத்தச் சட்டமும் வந்தன. 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென அறிவித்தது. தற்கொலைகளும் கடன்சுமையும் தொடர்ந்து பேசப்பட்ட சூழலில், 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து உருவான சட்டமுன்வடிவு ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகப் பெயர் சுட்டியது. 2023 நவம்பர் 9 தீர்ப்பு அவ்வட்டவணையை நீக்கியது. எனினும் வயது, நேரம் போன்றவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஏற்றது.

அட்டவணையில் இடம்பெற்றது ஆட்டத்தின் பெயரே; போட்டியின் வடிவமன்று. பிற மாநிலங்களிலும் இதே நிலையைக் காணலாம். மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்ட வரையறையிலிருந்து விலக்கியது. குசராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதைச் சூதாட்டம் என்றது. பெயரை மட்டும் நோக்கும் அணுகுமுறை முரணான முடிவுகளுக்கு இடமளிப்பதை இவை காட்டுகின்றன.

2025 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாட்டு ஒழுங்குமுறைகள் வேறு பாதையைத் தேர்ந்தன. 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை, ஆதார்வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்நுழைவுத் தடை, செலவு வரம்பு, ஆடும் நேரம் பற்றிய எச்சரிக்கை ஆகியன விதிக்கப்பட்டன. 2025 சூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. காலத்தையும் பணத்தையும் அளவிடும் இவ்விதிகள், முன் இயலில் கண்ட இரண்டாம் அளவை நேரடியாகத் தொடுபவை. அதே ஆண்டு ஆகஸ்டு 22இல் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டமோ திறனா, வாய்ப்பா என்னும் வேறுபாட்டையே ஒதுக்கி, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் ஒரு வகையாகக் கொண்டது. கட்டணமில்லாத ஃப்ரீரோல் போட்டி இவ்வரையறையின் சொற்களுக்குள் அடங்குமா என்பது வாதத்திற்குரியது.

7. தமிழ் மரபில் சூது

திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூது, இவ்விவாதத்தில் பெரும்பாலும் அறவுரையாக மட்டுமே எடுத்தாளப்படுகிறது. ஆயினும் 935ஆம் குறள் கருவி, களம், கை ஆகிய மூன்றையும் சேர்த்துரைக்கிறது. இங்குக் கை என்பதற்கு ஆடற்குரிய கைத்தொழில் எனப் பரிமேலழகர் பொருள் கொள்வார். அதாவது, ஆடுவோரின் திறன் சூதிற்குப் புறம்பானதாக அன்றிச் சூதின் உறுப்பாகவே எண்ணப்பட்டுள்ளது. வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கத்திலும் தருமனின் அழிவு ஒரே ஆட்டத்தில் நேர்ந்ததன்று. இழந்தபின் மீண்டும் பணயம் வைக்க இடமிருந்ததால் நேர்ந்தது. இன்றைய சொல்லில் கூறின், அது வரம்பற்ற மறுநுழைவு.

8. முடிவுரை

போக்கரில் திறன் உண்டு என்பது மறுக்க இயலாதது. ஆனால் அத்திறனுக்கு எவ்வளவு இடம், இழப்பிற்கு எவ்வளவு எல்லை என்பவற்றை வகுப்பவர் ஆடுபவர் அல்லர், போட்டியை வடிவமைப்பவரே. படிநிலையின் கால அளவு, மறுநுழைவு வரம்பு, கட்டணத்தில் நிறுவனத்தின் பங்கு, அடுத்த போட்டிக்கான இடைவெளி ஆகிய நான்கும் தனித்தனியே அளவிடத்தக்கவை. இணைய ஆட்டங்களைப் பற்றிய இனிவரும் ஆய்வுகளும் சட்ட வரைவுகளும் ஆட்டத்தின் பெயரோடு நில்லாமல் இந்நான்கையும் கருத்தில் கொள்வது பயன்தரும். முழுத்தடை நீடித்தாலும் இத்தேவை மறையாது. வேறு பெயரில் வேறோர் ஆட்டம் வரும்போதும் அதன் வடிவத்தைக் கொண்டே அதனை இனங்காண முடியும்.