தேநீரைத் துறந்த பெண்மணிகள்

ஒரு வேளை காப்பி தவறினால் உங்களுக்கு மண்டையிடி வந்துவிடும், இல்லையா? அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயப் பெண்மணிகளுக்குத் தேநீர் அப்படித்தான் இருந்தது. 1767-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, அவர்களை ஒரு வார்த்தை கேளாமல், தேயிலைக்குப் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி போட்டது. தொகை அற்பந்தான்; மானம் அற்பமா?

ஆண்கள் கூட்டம் போட்டு, 'இங்கிலாந்துச் சரக்கு வேண்டாம்' என்று முழங்கினார்கள். ஆனால் அடுப்படியில் அதை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் யார்? சொல்லவா வேண்டும்! தேயிலைக்குப் பதிலாக ராஸ்பெர்ரி இலையைக் காய வைத்துக் கொதிக்கவிட்டுக் குடித்தார்கள். ராட்டையும் கையுமாக ஒரே வீட்டில் கூடி, நாள் முழுதும் நூல் நூற்றார்கள். 1768-இல் ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் பட்டம் வாங்க உள்நாட்டுத் துணியையே உடுத்தி வந்தார்கள் என்றால் பாருங்களேன்!

1774 அக்டோபர் 25-ஆம் தேதி, வட கரோலினாவில் ஈடன்டன் என்ற சிற்றூரில், இங்கிலாந்துச் சரக்கைப் பகிஷ்கரிக்கும் மாகாணத் தீர்மானத்தை ஆதரித்து 51 பெண்கள் கையெழுத்திட்டார்கள். குடும்ப ஸ்திரீகள் அரசியலில் வாய் திறக்காத காலம் அது. இவர்களோ புனைபெயர்கூட வைத்துக்கொள்ளாமல், சொந்தப் பெயரையே எழுதினார்கள்!

லண்டனில் ஒரே சிரிப்பு. 1775 மார்ச்சில் ஒரு கேலிச் சித்திரம் வெளிவந்தது: விகாரமான முகங்களோடு பெண்கள், மேஜைக்கடியில் கவனிப்பாரற்ற குழந்தை. அடுத்த மாதமே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்துவிட்டது.