காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு

பிறப்புச் சான்றிதழ் கேட்காத காலம். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். எட்டினால் உத்தேசமாக ஒரு பிறந்த தேதியோடு பதிவேட்டில் பெயர் ஏறும். எட்டாவிட்டால், "அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க." முரட்டுச் சோதனைதான். ஆனாலும் உடல் முதிராத பிள்ளையை இன்னொரு வருடம் தெருவில் ஆட விட்டது. போலியோவில் கை சூம்பிய பிள்ளைக்கோ அந்தக் காது எந்த வருடமும் எட்டாது.

உள்ளே போன பிள்ளைக்கு மணலில் விரலால் அரிச்சுவடி, எண்ணப் புளியங்கொட்டை. பிரம்பை மறந்துவிட்டுப் பார்த்தால், சின்ன விரலுக்கு ஏற்ற பாடம். இன்று மூன்றரை வயதில் எல்கேஜி. கையில் பென்சில், எதிரே நாலு கோடு நோட்டு. அந்த வயதில் மணிக்கட்டில் பல எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எழுத்து கோணுகிறது என்று டைரியில் குறிப்பு வரும். மணலோ தட்டில் ஏறி ஆக்குபேஷனல் தெரபி அறைக்குப் போய்விட்டது, கட்டணத்தோடு.

நடுவே ஒரு நல்ல காலம் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. டீச்சர் பாயில் உட்கார்ந்தார். பாடப் படிகளைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, தட்டிலிருந்து தனக்குரிய அட்டையைப் பிள்ளையே எடுத்தது. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளையும், மெல்லக் கற்கும் பிள்ளையும் விட்ட படியிலிருந்தே ஏற முடிந்தது. ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவும் செய்யாமலே அவர்களுக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு அது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளிலும் அதன் சாயல் உண்டு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிட்டு, அருகிலுள்ள பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமை தந்தது. ஆனால் 6 வயதிலிருந்துதான். பேச்சும் நடையும் உருவாகும் அதற்கு முந்தைய வருடங்கள் அங்கன்வாடியின் பொறுப்பு. முட்டைக் கணக்கு, எடைப் பதிவேடு, தடுப்பூசி நாள் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் அங்கே பாட்டும் கதையும். அந்த நேரத்திலும் செய்ய வழியுண்டு. விரல் மடங்காத பிள்ளைக்குக் கிரேயானில் பழந்துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் போதும், பிடி கிடைத்துவிடும். பிடி வராத மற்றச் சின்னதுகளுக்கும் அது உதவும். இதைப் பணியாளருக்குச் செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும். மாதக் கூட்டத்தில் பதிவேடு சரிபார்க்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம்.