மூன்று வாத்தியம் கேட்கப் போனேன்

"தாத்தா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று பேத்தி கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது? "இல்லையே" என்றேன். அவ்வளவுதான். தென் மும்பையில் ஒரு சின்ன அரங்கில் நடக்கும் மேல்நாட்டு இசைக் கச்சேரிக்கு அவளை அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வருடமாக அவள் பியானோ கற்றுக் கொள்கிறாள். அவசியம் கேட்க வேண்டிய கச்சேரி என்று டீச்சர் சொல்லிவிட்டாராம்.

"அங்கே போய்க் குறட்டை விட்டு மானத்தை வாங்காதீங்க" என்று என் மனைவி வழியனுப்பி வைத்தாள்.

நூறு பேர் உட்காரக்கூடிய இடம். மேடையில் ஒரு பியானோ, செல்லோக்காரருக்கு ஒரு நாற்காலி, கிளாரினெட்காரருக்கு ஒரு நாற்காலி. மைக் கிடையாது. இதற்குச் 'சேம்பர் மியூசிக்' என்று பெயர். பிரபுக்கள் வீட்டுக் கூடங்களில் பத்து இருபது பேருக்காக வாசிக்கப்பட்ட இசை அது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைப் போலக் குச்சியை ஆட்டி வழிநடத்த ஆள் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒருவர்தான். ஒருவர் மூச்சை இழுப்பதைப் பார்த்து மற்றவர் தொடங்க வேண்டும். நம் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்வார்களே, அதே மாதிரிதான்.

கச்சேரி தொடங்குமுன் கிளாரினெட்காரர் எதையோ வாயில் வைத்துக் கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா பண்றார்?"

"ரீடை நனைக்கிறார் கண்ணு. நாணல்லே சீவினது. காஞ்சிருந்தா கீச்சுனு கத்தும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நல்லவேளை, விளக்கை அணைத்து விட்டார்கள்.

முதலில் பீத்தோவன் 1797இல் எழுதிய டிரியோ. கடைசிப் பகுதிதான் வேடிக்கை. அந்த வருடம் வியன்னாவில் மேடையேறிய ஜோசப் வைகலின் நகைச்சுவை ஓப்பராவில் ஒரு பாட்டு ஊரெங்கும் பிரபலமாகி, தெருவில் போகிறவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்களாம். அந்த மெட்டை எடுத்துக் கொண்டு ஒன்பது விதமாக மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். ஒரே வரியை வைத்து நிரவல் செய்வது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். முதல் மாற்றத்தைப் பியானோ தனியே வாசிக்கிறது. இரண்டாவதில் பியானோ வாயை மூடிக் கொள்ள, கிளாரினெட்டும் செல்லோவும் மட்டும் பேசிக் கொள்கின்றன. என் கை தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டது. பக்கத்து அம்மாள் திரும்பிப் பார்த்தார். கையை அடக்கிக் கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு பிராம்ஸ். கையில் கொடுத்திருந்த தாளில் அதன் கதை இருந்தது. 1890இல், 57ஆம் வயதில், இனி எழுதுவதற்கில்லை என்று பிராம்ஸ் முடிவு கட்டிவிட்டாராம். மறு வருடம் மார்ச் மாதம் மைனிங்கன் என்ற ஊரின் அரசவை இசைக்குழுவில் ரிச்சர்ட் மியூல்ஃபெல்ட் என்பவர் கிளாரினெட் வாசிக்கக் கேட்டார். மியூல்ஃபெல்ட் அந்தக் குழுவில் வயலின்காரராகச் சேர்ந்தவர். கிளாரினெட்டைத் தானாகவே கற்றுக் கொண்டவர். அந்த வாசிப்பு மூடி வைத்த பேனாவைத் திறக்க வைத்துவிட்டது. அந்தக் கோடையிலேயே இந்த டிரியோவும், கிளாரினெட்டுக்கென்றே ஒரு குவின்டெட்டும் பிறந்தன. 1891 டிசம்பரில் பெர்லினில் இந்த டிரியோ அரங்கேறியபோது பிராம்ஸே பியானோ வாசித்தார்.

செல்லோ தனியாகத் தொடங்கியது. நம் ஆண் குரலின் கனம் அதற்கு. கிளாரினெட் வந்து சேர்ந்தது. இரண்டாம் பகுதியில் கிளாரினெட் மெதுவாக எடுத்து, கீழே, அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற சுரங்களுக்கு இறங்கியது. அங்கேதான் நான் உடைந்தேன். அது எனக்குத் தெரிந்த குரல். எங்கள் வீட்டுத் திண்ணையில் விடியற்காலையில் கேட்ட குரல்.

வாசகர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் கிளாரினெட் வாசித்தவர்.

சதிர்க் கச்சேரிகளில் முகவீணை இருந்த இடத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் வந்தது. பாலசரஸ்வதி அம்மாளின் ஆட்டத்திலும் அது ஒலித்தது. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் அப்பாவும் ஆட்டத்துக்கு வாசித்தார். ஆட்டம் குறைந்த பிறகு கல்யாணங்களுக்கும் கோயில் புறப்பாட்டுக்கும் போனார். நாகசுரத்தில் துளையை விரலால் அரைகுறையாக மூடியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் கமகம் பிடிக்கலாம். சாவி வைத்த கிளாரினெட்டில் அது லேசில் வராது. அப்பா அதற்காக விடிய விடியச் சாதகம் செய்வார். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதே வாத்தியத்தில் முழுக் கச்சேரி செய்து, 2008இல் சங்கீத கலாநிதியும் 2022இல் பத்மஸ்ரீயும் பெற்றார். என் அப்பாவுக்குக் கிடைத்தது தேங்காய் மூடியும் சம்பாவனையும்தான்.

1979இல் பம்பாய்க்கு வேலைக்கு வந்தேன். "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "விவசாயம்" என்றேன். மேளக்காரர் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல நா எழவில்லை. இந்தச் சங்கத்திலும் அதையேதான் சொன்னேன். 1984இல் அப்பா காலமானபின், வாத்தியத்தை அனுப்பவா என்று அண்ணன் கடிதம் எழுதினார். ஒற்றை அறையில் குடியிருக்கிறேன், வைக்க இடமில்லை என்று பதில் போட்டேன். ஒரு முழக் கருமரப் பெட்டிக்கா இடமில்லை? அது எந்த பாண்டு செட்டுக்குப் போயிற்றோ!

திரும்பும்போது ரயிலில் பேத்தி விடவில்லை. "ரீட் விஷயம் எப்படித் தெரியும், சொல்லுங்க." சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாததைத் தாதருக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவள் கண்ணை அகல விரித்து, "கொள்ளுத் தாத்தா ஆர்ட்டிஸ்டா? இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்றாள். அவளுக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

பிறகு அவள் டீச்சரிடம் புத்தகம் வாங்கி வந்து படித்துக் காட்டினாள். பிராம்ஸின் தகப்பனாரும் ஹாம்பர்க்கில் நாட்டியக் கூடங்களிலும் மதுக்கடைகளிலும் கூலிக்கு வாசித்துக் குடும்பம் நடத்தியவராம். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மகனின் பெருமை அதனால் ஒரு பிடியும் குறையவில்லை.

நம் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் மெல்லிசைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியாவது ஒரு கிளாரினெட் கச்சேரிக்குக் கொடுங்கள். சின்ன அறை போதும், மைக் வேண்டாம். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். தாத்தா, பாட்டி எந்த ஊரில் என்ன வாசித்தார்கள், என்ன செய்தார்கள் என்று போகும் வழியில் சொல்லிக் கொண்டே வாருங்கள்.

நானும் பேத்தியோடு வருவேன். யாராவது என் தகப்பனார் என்ன செய்தார் என்று கேட்டால், இந்தத் தடவை சரியாகச் சொல்வேன்.