பிராண்டிஸ் திட்டத்தில் விடுபட்ட பாதி

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் வட்டாரங்களில் 'காப்புக்காடு' என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் இருக்க முடியாது. ஆடு எங்கே மேயலாம், விறகு எங்கே பொறுக்கலாம் என்பதை அந்த எல்லைதான் முடிவு செய்கிறது. அதற்கு அடிப்படையானது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். இந்த வட்டாரங்கள் அடங்கிய தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. அதே காலத்தில் மாகாண வனத்துறையைச் சீரமைக்க இங்கே அனுப்பப்பட்டவர் டீட்ரிச் பிராண்டிஸ், ஜெர்மனியின் பான் நகரில் 1824இல் பிறந்த தாவரவியலாளர். காட்டைக் காத்தவர் என்று அவரைப் புகழ்வோரும் உண்டு, மக்களிடமிருந்து காட்டைப் பறித்தவர் என்று சாடுவோரும் உண்டு. இரு தரப்பும் பார்க்கத் தவறுவது ஒன்று: அவருடைய திட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. அரசுக்கு வேண்டியது நிறைவேறியது. ஊருக்கு வேண்டியது ஏட்டோடு நின்றது. இன்றுள்ள வனச் சிக்கல்களில் பலவற்றின் வேர் அந்த விடுபட்ட பாதியில் இருக்கிறது.

ஆங்கிலேயருக்கு ஒரு ஜெர்மானியர் ஏன் தேவைப்பட்டார்? காட்டை வெட்ட அவர்களுக்குத் தெரியும். கணக்கிட்டு வளர்க்கும் வனவியலில் அன்று முன்னின்றவை ஜெர்மனியும் பிரான்சும். 1856இல் பர்மாவின் பெகு வட்டாரத் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற பிராண்டிஸ், யானை மீதமர்ந்து காட்டுக்குள் போய் மரங்களை அளவு வாரியாக எண்ணி, ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் என்று வரையறுத்தார். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஷ்லிக், ரிபென்ட்ராப் இருவரும் ஜெர்மானியரே. தேவையும் அவசரமாக இருந்தது. 1860களின் தொடக்கத்தில் மொரப்பூர் வழியாகச் சேலத்துக்கு ரயில் பாதை வந்தது. தண்டவாளத்துக்குக் கட்டைகளும் என்ஜினுக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தன. கஞ்சமலை இரும்பை உருக்கவும் மரக்கரியே எரிந்தது. கட்டுப்பாடு வராமல் இருந்திருந்தால் மலைகள் மொட்டையாகியிருக்கும் என்ற வாதத்தை மறுப்பது கடினம்.

ஆனால் கட்டுப்பாடு வேறு, உடைமை வேறு. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்துக்கு முன் இது பெரிய விவாதமானது. வழிவழியாகக் காட்டைப் பயன்படுத்திவருவதால் மட்டும் மக்களுக்கு உரிமை வந்துவிடாது, அது அரசு விட்டுக்கொடுத்த சலுகையே என்றார் ஆங்கிலேய அதிகாரி பேடன்-பவல். பழக்கத்தால் வந்த உரிமையும் உரிமைதான் என்பது பிராண்டிஸின் நிலை. சென்னை அரசு இன்னும் ஒருபடி மேலே போய், கிராமத்தாரின் உரிமையைக் காரணம் காட்டி 1878 சட்டத்தையே ஏற்க மறுத்தது. அதன் பிறகே மாகாணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. அரசுக் காடுகளோடு, ஊரார் தாமே பேணிப் பயன்படுத்தும் கிராமக் காடுகளும் வேண்டும் என்று பிராண்டிஸ் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். குடகின் தேவரகாடுகளைப் போன்ற கோயில் காடுகளை மதித்து எழுதியவரும் அவரே. 1878 சட்டத்தில் கிராமக் காடுகளுக்கென்று ஓர் அத்தியாயமே இருந்தும், அது பெரும்பாலும் பயன்படுத்தப்படவில்லை.

அவரும் பேரரசின் ஊழியர்தானே, அவருக்கு ஏன் வக்காலத்து என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பர்மாத் தேக்கை அவர் எண்ணியது அரசின் வருவாய்க்காகவே. காப்புக்காடு என்ற ஏற்பாட்டை நாடெங்கும் பரப்பியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவரை மக்கள் பக்கம் நின்றவராகக் காட்டத் தேவையில்லை. அரசுக் கருவூலத்தை நினைத்தே வேலை பார்த்த ஒருவருக்குக்கூட, ஊரைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காக்க முடியாது என்று தெரிந்திருந்தது. நமக்குப் பயன்படும் சான்று அதுதான்.

அந்த அறிவைப் புறக்கணித்ததால், காட்டோர மக்களை வனத்துறை சந்தேகத்தோடு பார்ப்பதே வழக்கமானது. அது எந்த எல்லைவரை போகும் என்பதை அரூர் அருகே வாச்சாத்தி காட்டியது. சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்தக் கொடுமைக்குப் பழைய சட்டத்தின் மீது பழிபோட்டுக் குற்றவாளிகளை விடுவிக்க முடியாது. ஆனால் காட்டோடு வாழும் ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் மனப்போக்குக்கு நெடிய வரலாறு உண்டு.

ஊராருக்கு உரிமை கொடுத்தால் காடு அழிந்துவிடும் என்பது கடைசி ஆட்சேபம். முழுக் கட்டுப்பாடும் அரசிடம் இருந்த காலத்தில்தானே சந்தன மரங்கள் இத்தனை கடத்தப்பட்டன? புளி, கடுக்காய், தேன் என்று காட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு, அது நிலைத்திருப்பதில்தான் லாபம். தவிர, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டை யாருக்கும் பங்குபோட்டுத் தருவதில்லை. தனிநபர் சாகுபடி உரிமைக்கு, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள நிலமாக இருக்க வேண்டும். அதுவும் 4 ஹெக்டேருக்கு மேல் கிடையாது. சமூக வன வளத்தைப் பேணும் உரிமையை, பொறுப்போடு சேர்த்து, கிராம சபைக்கு அது தருகிறது. பிராண்டிஸ் கேட்ட கிராமக் காட்டுக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இது. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் பென்னாகரம் மலையோரங்களிலும் தனிப்பட்டாவோடு நின்றுவிடாமல், சமூக உரிமைக்கும் கிராம சபைகள் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் தாமதிக்காமல் முடிவெடுக்க வேண்டும்.