கொட்டியாரக் கரை – 9: இலை அளவுக்கு ஓர் அம்பு

போன கிழமை ஆங்கிலேய மாலுமி ரொபட் நொக்ஸை மூதூர்ப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக்குடாவுக்குள் வந்து, 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் தகப்பனோடு அகப்பட்டவர். தகப்பன் மறுவருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் தப்பி அரிப்புக் கோட்டைக்குப் போனது 1679 இல். இரண்டு வருடம் கழித்து இலண்டனில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அரசன், அபராதம், நெல் வயல், அட்டை எல்லாமே உண்டு. நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது வேடரின் அம்பைப் பற்றிய சில வரிகளைத்தான்.

விஷயம் இதுதான். காட்டு வேடனுக்கு அம்பலகு வேண்டுமென்றால் கொல்லனிடம்தான் வரவேண்டும். ஆனால் முகம் காட்டமாட்டான். தனக்கு வேண்டிய வடிவத்தில் ஓர் இலையை வெட்டி, கூடவே ஒரு சுமை இறைச்சியையும் பட்டறையில் தொங்கவிட்டுப் போய்விடுவான். கொல்லன் அந்த அளவில் அடித்து அதே இடத்தில் வைத்துவிட்டால் இன்னும் இறைச்சி வரும். அடிக்காமல் விட்டால் என்றைக்காவது ஓர் இரவில் இருட்டுக்குள்ளிருந்து அம்பு வரும். கடன் சொல்ல இடமில்லாத வியாபாரம்.

பேச்சில்லாப் பண்டமாற்று என்று இதைப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நான் இலையிலேயே நின்றுவிட்டேன். "எனக்கு நாலு அம்பலகு வை" என்று கேட்டிருந்தால் வெறும் இறைச்சியே போதுமே. இலையை வெட்டித் தொங்கவிடுகிறவனுக்கு இந்த வடிவம்தான் வேண்டும், வேறு ஆகாது. எந்த விலங்குக்கு எந்த அலகு என்ற கணக்கை அவன் காட்டிலேயே முடித்துவிட்டு வருகிறான்.

அந்தக் கணக்கு சின்னதல்ல. தோட்டா இடித்துச் சாய்க்கும்; அம்பு அறுத்துத்தான் சாய்க்கும். முன்னங்காற் சப்பைக்குப் பின்னால் நுழைந்து நுரையீரலை அறுத்தால் விலங்கு கொஞ்சத் தூரம் ஓடி விழும். இலையில் தெறித்த இரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல், கறுத்திருந்தால் ஈரல். அலகு அகலமாக இருந்தால் வெட்டுவாய் பெரிதாகும், இரத்தம் தாராளமாக விழும், தடம் பிடிக்கலாம். ஆனால் அகலம் கூடக் கூட அம்பு தசைக்குள் போக அதிக விசை கேட்கும். புள்ளிமானுக்கு அகலம் நல்லது. தோளில் கெட்டித் தோல் போர்த்திய ஆண் பன்றிக்கும், இருநூறு கிலோ நிறையுள்ள மரைக்கும், குழுமாட்டுக்கும் அதே அலகை ஏவினால் பாதி வழியில் நின்றுவிடும். காயத்தோடு போன குழுமாடு எய்தவனைத் தேடித் திரும்பி வராது என்று எவரும் சொல்லமுடியாது.

வில்வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் இந்த வாதம் இன்றும் ஓயவில்லை. மூன்று அலகா, இரண்டு அலகா? பறக்கும்போது மடிந்திருந்து பட்டதும் விரிகிற அலகு நல்லதா? விரிவதற்கே விசையில் ஒரு பங்கு செலவாகிறது; பெரிய விலங்கிடம் அது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். 1980களில் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் விலங்குகள்மேல் எய்து பார்த்துக் குறித்துவைத்த எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள இரட்டைக் கரை அலகையும், 650 கிரெயின், அதாவது 42 கிராம் அளவில் பாரமான அம்பையும் பரிந்துரைத்தார். ஒடுங்கி நீண்ட இலை என்று அதை எழுதியிருந்தால் நம் வேடனுக்கு உடனே விளங்கியிருக்கும்.

நானும் ஓர் இலையை எடுத்துக்கொண்டு போனேன். மாவிலை, ஓரத்தைக் கத்தரித்து அலகாக்கியிருந்தேன். மூதூருக்குத் தெற்கே ஒரு பட்டறை. துருத்தி போய் மின்விசிறி வந்துவிட்டது, இரும்பு லொறி ஸ்பிரிங் பட்டை. இலையைக் கையில் வாங்கிய கொல்லர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதில நீளம் கிடக்கு, அகலம் கிடக்கு. மொத்தம் எங்க கிடக்கு?"

தடிப்பைத்தான் கேட்கிறார். நொக்ஸைப் பலமுறை வாசித்தும் எனக்கு வராத கேள்வி.

"நீங்கதான் சொல்லோணும் அண்ணை."

"மெல்லிசா அடிச்சா எலும்பில மடங்கும். மொத்தமா விட்டா அறுக்காது." இலையைக் கவிழ்த்து நடு நரம்பைப் பெருவிரலால் தடவினார். "இந்தா, இப்பிடி. நடுவில மொத்தம், ரெண்டு கரையும் மெல்லிசு."

தோய்ச்சலுக்குத் தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தும் தொடவில்லை. இந்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் விறைத்துவிடும், பிறகு கல்லில் பட்டாலே தெறிக்கும் என்று பழைய எஞ்சின் எண்ணெயில் இறக்கினார். புகை அடங்க நேரம் எடுத்தது.

எல்லா அலகும் வேட்டைக்குப் போனதில்லை. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் 'அவுதே' என்று ஓர் அம்பு வருகிறது. சாண் நீளத்தைத் தாண்டும் அலகு, குட்டையான பிடி. கந்தே யக்கா என்ற ஆவிக்கு ஆடும் கிரிகொரஹா சடங்கில் அதைக் கையில் ஏந்தி ஆடுவார்கள். நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டியில் இப்படிப் பெரிய அலகைப் பார்த்துவிட்டு, அடேயப்பா, யானைக்கோ என்று வியப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அதே நூலில் நம் பக்கத்துக் கரையோர வேடரும் வருகிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள், கடலுக்கும் போகிறவர்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் அவர்களுடைய ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

வில் போய்விட்டது. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டு வேட்டையைக் கட்டிப்போட்டது. இன்று களவாக இறைச்சி தேடுகிறவன், தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கிறான். அதற்கு மரையும் தெரியாது, விறகு பொறுக்கப் போன மனுசியும் தெரியாது.

அலகைக் கிடுக்கியால் எடுத்துத் தட்டின்மேல் வைத்த கொல்லர் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார்.

"ஆருக்கு இது? மரைக்கோ?"

"கட்டுரைக்கு" என்றேன். நொக்ஸின் கதையைச் சொன்னேன், இறைச்சி உட்பட. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கையைத் துடைத்தார்.

"இறைச்சி ஒண்டும் வேண்டாம் தம்பி, கேஸ் வரும். காசைத் தாங்கோ."