மணலில் எழுதிய இரவலர்

பாணரும் புலவரும் புரவலரை நாடிச் சென்று பரிசில் பெற்றமையைச் சங்க நூல்கள் விரித்துரைக்கும். திருவள்ளுவரோ இரவு, இரவச்சம் என 106, 107ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்து, இரத்தலின் இரு நிலைகளையும் ஆராய்ந்தார். எவ்வாறாயினும், கொடுப்போன் புரவலன், கொள்வோன் இரவலன் என்னும் முறை மாறுவதில்லை. அம்முறை மாறி நின்றதொரு வழக்குப் புதுக்கோட்டையில் உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

அவ்வழக்கின் தலைவர் 18ஆம் நூற்றாண்டினராகிய சதாசிவப் பிரம்மேந்திரர். ஆடையின்றி, எவரோடும் உரையாடாது, கிடைத்ததை உண்டு காவிரிக் கரையில் திரிந்த அவரைக் கண்டோர் பித்தர் என்றே கருதினர். அவரோ முன்னர்ச் சொற்போரில் வல்லவர். அந்நாவை அடக்கலாகாதா என ஆசிரியர் பரமசிவேந்திரர் வினவிய அன்றே வாய் வாளாமை மேற்கொண்டார் என்பர். மாணவர் பித்தராயினார் எனக் கேட்ட ஆசிரியர், அப்பித்துத் தமக்கு வாய்க்கவில்லையே என வருந்தினார் என்றும் கூறுவர். பற்றற்றுத் திரியும் துறவியின் நிலையையே பொருளாகக் கொண்ட 'ஆத்மவித்யாவிலாசம்' என்னும் வடமொழி நூல் அவர் இயற்றியது. ஆதலின், அவர் கோலம் அறிவு திரிந்ததனால் வந்ததன்று. அறிந்தே மேற்கொண்டது எனத் துணியலாம்.

புதுக்கோட்டையை 1730 முதல் 1769 வரை ஆண்ட விசய ரகுநாதராயத் தொண்டைமான், திருவரங்குளக் காட்டில் இவரைக் கண்டு அருளுரை வேண்டினார் என்பது மரபு. காலம் 1738 என்பர். பேசா நோன்பினர் ஆதலின், துறவி மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினார். மன்னர் அம்மணலைத் தம் மேலாடையில் அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்து வழிபட்டார்.

ஈண்டு நோக்கத்தக்கது அம்மேலாடையே. துணி விரித்து ஏற்றல் இரவலர் செயல். உடுக்கத் துணியும் இல்லாதவர் கொடுக்க, நாடாள்வோர் துணியேந்திப் பெற்றார். பெற்ற பொருளோ, விலையில்லா மணல்.

இவ்வருளுரையின் தொடர்ச்சியாகவே நவராத்திரி விழாவில் அரிசியுடன் அம்மன் காசு வழங்கும் வழக்கம் எழுந்தது என மரபு கூறும். ஒருபுறம் அம்மன் உருவமும் மறுபுறம் 'விசய' என்னும் தெலுங்கு எழுத்தும் பொறித்த சிறு செப்புக்காசு அது. ஓரணாவுக்கு இருபது காசு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை மக்கள் 'அரைக்காசு அம்மன்' என வழங்குதல் இக்காசின் தொடர்பினால் என்பர். ஏற்ற கை மீண்டும் ஈயும் கையாயிற்று.

மணலெழுத்துச் செய்தி முழுதும் வரலாறெனக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும், ஓர் அரசு தன் கொடைக்கும் காசுக்கும் மூலம் தேடியபோது, போர் வெற்றியைச் சுட்டாது பித்தரென ஒதுக்கப்பட்ட ஒருவரைச் சுட்டியது என்பது உண்மை. அவ்வரசு 1948 மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது, காசும் வழக்கொழிந்தது. தெருவில் திரிவாரைத் தோற்றங்கொண்டு அளத்தல் பிழை என்னும் அம்மரபின் கருத்து இன்றும் கொள்ளத்தக்கதேயாம்.