மெருகேற்றும் இயந்திரம்: பளபளப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு

கேமரன் மலைக்குப் போனவர்கள் அங்கே ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளிலும் காய்கறித் தோட்டச் சரிவுகளிலும் உங்கள் தாத்தா காலத்து வண்டிகள் இன்னும் மூட்டை சுமந்து ஏறுகின்றன. பலவற்றின் சாயம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும்.

இதற்குக் காரணம் வெயில்தான். சாயத்தில் நிறம் தரும் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிசினைச் சிதைத்துவிடுவதால் துகள்கள் தூளாக மேலே நிற்கின்றன. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் இக்கதிர்கள் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிர்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, இந்த வண்டிக்கு மெருகேற்றலாமா? மெருகேற்றுவது என்றால் மேலே எதையோ பூசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுரண்டி எடுப்பது. பாலிஷ் பசையில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்தூள், மேடுகளைச் சீவிச் சமமாக்குகிறது. எவ்வளவு சீவலாம்? இன்றைய காரின் சாய அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு 40, 50 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆகவே, எந்த இயந்திரம் வேகமாகப் பளபளப்பாக்கும் என்று கேட்பதைவிட, எது குறைவாகத் தின்னும் என்று கேட்பதே சரி.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். முதலாவது ஒரே அச்சில் சுற்றும் 'ரோட்டரி'. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பஞ்சு வட்டு நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 0.47 மீட்டர், விநாடிக்கு 25 சுற்று. விளிம்பின் வேகம் விநாடிக்கு 11.8 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர்! ஆனால் வட்டின் நடுப்புள்ளி இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. வட்டைச் சற்றுச் சாய்த்தால் போதும், வேகமான விளிம்பு ஒரே இடத்தில் தேய்த்துச் சூடாக்கிவிடும். சாயம் இளகும், கருகும்.

இரண்டாவது 'டூவல் ஆக்‌ஷன்'. இதில் வட்டு முழுவதும் ஒரு சிறு வட்டப் பாதையில் ஆடுகிறது. கூடவே மெதுவாகச் சுழல்கிறது. ஆட்டத்தின் விட்டம் 15 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 4,500 ஆட்டம் என்றால், அதனால் வரும் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கும் குறைவு. முக்கியமாக, அந்த வேகம் நடுவிலும் ஓரத்திலும் ஒன்றே. பெரும்பாலான மாதிரிகளில், அதிகமாக அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் புதியவர் கைக்கு இதுதான் ஏற்றது. ரோட்டரி அனுபவசாலிகளுக்கு உரியது.

லேண்ட் ரோவரில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1948இல் இவ்வண்டி அறிமுகமானபோது, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். முன் மட்கார்டில் காந்தத்தை வைத்தால் விழுந்துவிடும். அதனால் காந்தத்தை நம்பி வேலை செய்யும் சாயத் தடிமன்மானி இங்கே பயன்படாது. சுழல் மின்னோட்ட முறையில் அளக்கும் கருவி வேண்டும். மேலும், தகடுகளில் ரிவெட் தலைகள் துருத்தி நிற்கும். வட்டு அவற்றில் மோதினால் அங்கேதான் முதலில் உலோகம் தெரியும். ரிவெட்டுகளையும் மடிப்பு ஓரங்களையும் காகித நாடாவால் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் செம்மண்ணை நன்றாகக் கழுவ வேண்டும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் சாயத்தைவிடப் பல மடங்கு கடினம். மிஞ்சிய ஒரு மணல் வட்டில் சிக்கினாலும் வண்டி முழுக்கக் கீறும். நிழலில் நிறுத்தி, ஈரம் காய்ந்த பிறகு, வட்டில் பட்டாணி அளவு பசை மூன்று நான்கு சொட்டு வையுங்கள். வட்டைத் தகட்டில் பதித்த பின்பே விசையைப் போடுங்கள். இல்லாவிட்டால் பசை முகத்தில் தெறிக்கும். ஒரு முழம் அகலச் சதுரத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கை மெதுவாக நகரட்டும்.

வட்டில் வண்டியின் நிறம் ஒட்டுகிறதா? நிறமற்ற பூச்சு இல்லாத பழைய சாயத்தில் அது இயல்பு. தூளாகிப்போன மேல்தோல்தான் வருகிறது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் முகக்கவசம் அணியுங்கள். ஆனால் நிறமற்ற பூச்சுள்ள புதிய காரில் நிறம் ஒட்டினால் உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். பூச்சு முழுவதும் தேய்ந்து, அடியில் உள்ள நிற அடுக்கை வட்டு தொட்டுவிட்டது. இனி அங்கே புதிதாகச் சாயம் அடிப்பதுதான் வழி.